மாமியார் போயிட்டாங்க

எங்கள் குழுவில் அவருக்குப் பெயர் கசிவு. பதினொரு வருடங்களுக்கு முன்னால் அவர் வீட்டு வாஷிங் மெஷின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. அதற்கு வழி கேட்டு வந்தவர், பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தன் பிரச்சினையையே எழுதிவிட்டார். அதுவே ஒட்டிக்கொண்டது.

வீட்டுச் சாமான்களைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களின் இணையக் குழு அது. நடத்துகிறவர் ஸ்பேனர் அக்கா. பேருக்கு ஸ்பேனர் அல்ல, நிஜமாகவே குழாய் வேலை செய்கிறவர். "கதவு ரப்பர் மடிப்புக்குள்ள விரலை விட்டுப் பாருங்க அண்ணா" என்று அவர் எழுத, இவர் விட்டுப் பார்க்க, உள்ளே ஒரு சட்டைப் பொத்தான் சிக்கியிருந்தது. தண்ணீர் கசிவது அன்றோடு நின்றது. மனிதர் கசிய ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

குழுவில் 'பழுது அல்லாத பேச்சு' என்று ஒரு பகுதி உண்டு. மிக்ஸியும் மோட்டாரும் சரியாகிவிட்ட பிறகும் வீட்டுக்குப் போக மனசில்லாதவர்கள் அங்கே உட்கார்ந்து கதை பேசுவோம். யார் மகனுக்கு வேலை கிடைத்தது, யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது, யாருக்குச் சர்க்கரை ஏறியது, எல்லாம் அங்கே வரும். கசிவு நன்றி சொல்ல வந்தார். சொன்னார். பிறகு தன் மனைவியின் முழங்கால் வலி பற்றி ஒரு வரி எழுதினார். முப்பது பேர் முப்பது தைலம் சொன்னோம். மனிதர் அசந்துபோனார். அவர் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கு முப்பது பதில் வருவது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

ஏனென்றால், நேரில் அவர் பேசவே மாட்டார். தொழில், பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை. லேப்பில் நாள் முழுக்க மோட்டார் சத்தம். முப்பது வருடமாக ஊரெல்லாம் வாயாரப் பேசவும் சிரிக்கவும் பல் கட்டிக்கொடுத்தவர், தன் வாயை மட்டும் பூட்டி வைத்திருந்தார். வீட்டில் கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, செய்தி படிக்கிறார் என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தார். அவர் செய்தி படிக்கவில்லை, எங்களுக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். மனைவி தலைக்கு எந்தச் சாயம் போடுகிறார், மச்சான் எதற்குக் கோபித்துக்கொண்டு போனார், மேல்வீட்டுக்காரர் எந்தெந்தக் கிழமை சுவரில் துளை போடுகிறார் என்பதெல்லாம் முந்நூறு பேருக்கு அத்துப்படி.

போன வருடம் மாமியார் வந்து சேர்ந்தார்.

எழுபத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். தனியாக வாழ்கிறவர். அவர் குடியிருப்பில் குழாய் மாற்றும் வேலை நடந்ததால், இரண்டு வாரம் மகள் வீட்டில் இருக்கலாம் என்று ஒரே ஒரு பெட்டியோடு வந்தார். இரண்டு வாரம் நாலு மாதமானது. குழாய் வேலைக்காரர்களைச் சொல்லிப் பயனில்லை. தினமும் ஃபோன் செய்து அவர்களை அரை மணி நேரம் பேச வைத்தது இந்த அம்மாதான்.

இரண்டாவது நாளே அவர் வாயைப் பார்த்த மருமகன் பழைய பல் செட் தேய்ந்துவிட்டதென்று கண்டுபிடித்து, புதிது ஒன்று செய்து கொடுத்தார். அங்கே பிடித்தது சனி.

"மாப்பிள்ளை, 'ஸ' சொன்னா விசில் அடிக்குது."

அவர் எடுத்துத் தேய்த்துக் கொடுப்பார்.

"இப்ப 'ஷ'வுக்கும் அடிக்குது. நான் ஸ்டேஷன்னு சொன்னா ரயிலே கிளம்பிடும்போல இருக்கு."

இதெல்லாம் எங்களுக்கு உடனுக்குடன் வந்துவிடும். மாமியார் வந்த நாளிலிருந்து பழுது அல்லாத பேச்சில் கசிவின் பதிவுகளுக்குத்தான் கூட்டம். அந்த அம்மா சமையலறை டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கியது, தவறாக வந்த ஃபோன் அழைப்பு ஒன்றை நாற்பது நிமிடம் பேசி சிநேகிதியாக்கிக்கொண்டது, மேல்வீட்டுக்காரரின் துளை போடும் இயந்திரத்தை 'ரெண்டு நாளைக்கு இரவல்' வாங்கி வந்து நாலு மாதமும் கட்டிலுக்கடியில் வைத்திருந்தது, எதையும் விடாமல் எழுதுவார். நாங்கள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒரு சனிக்கிழமை குழாய் வேலை முடிந்தது. மனைவி காரில் அம்மாவை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். கசிவுக்கு அன்று லேப் உண்டு. பஸ்ஸில் உட்கார்ந்து, வழக்கம்போல எங்களுக்கு எழுதினார். எழுத்துக்கு எழுத்து இதுதான்:

'மாமியார் இன்னைக்குக் காலைல போயிட்டாங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தாங்க. பல் செட் மட்டும் டம்ளர்லயே இருக்கு. அதைப் பார்க்கவே மனசு என்னமோ பண்ணுது. வீடு வெறிச்சுன்னு ஆயிடுச்சு.'

அனுப்பிவிட்டு ஃபோனை லேப் அலமாரியில் வைத்துப் பூட்டினார். உள்ளே பிளாஸ்டர் தூசி. ஃபோனை எடுத்துப்போக அனுமதியில்லை.

இந்தப் பக்கம் நாங்கள் படித்தோம். நீங்களே சொல்லுங்கள், வேறு எப்படிப் புரிந்துகொள்வது? முதலில் எழுதியவர் எஞ்சின். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது, லேசில் கலங்காதவர். 'தம்பி, நான் பார்க்காத ஒரு மனுஷிக்காக இப்ப உக்காந்து அழுதுக்கிட்டிருக்கேன்' என்று எழுதினார். அதோடு அணை உடைந்தது. ஸ்பேனர் அக்கா ஒரு மணி நேரம் குழுவில் பழுது பேச்சையே நிறுத்தி வைத்தார். ஒருவர் தன் பூனைக்குட்டிக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர் வைத்தார். நானும் பன்னிரண்டு வரி எழுதினேன். அதில் 'அந்த விசில் சத்தம் இனி வானத்தில் கேட்கும்' என்று ஒரு வரி இருந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

சாயங்காலம் அலமாரியைத் திறந்த கசிவு, இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகளைப் பார்த்தார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. யாரோ செத்துவிட்டார்கள் போலிருக்கிறது, நாமும் ஆறுதல் எழுத வேண்டும் என்று நினைத்தாராம். மேலே மேலே படித்துக்கொண்டு போனபோதுதான் செத்தது யாரென்று தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அவசரமாகத் தட்டினார். 'இல்லை இல்லை, அவங்க வீட்டுக்குத்தான் போயிருக்காங்க.'

எஞ்சின் எழுதினார்: 'உண்மை தம்பி. நாம எல்லாருமே ஒருநாள் அந்த வீட்டுக்குத்தான் போகணும்.'

கசிவு விடவில்லை. 'அப்படி இல்லைங்க. அவங்க இன்னும் இருக்காங்க' என்று எழுதினார்.

'எப்பவும் இருப்பாங்க அண்ணா, நம்ம எல்லார் மனசுலயும்' என்றார் ஸ்பேனர் அக்கா. அதற்குக் கீழே தொண்ணூறு பேர் இதயம் போட்டோம்.

'சாகவில்லை' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எழுதவும் எழுதினார். அனுப்பப் போகும்போது ஒரு புதுச் செய்தி வந்தது. குழுவில் எட்டு வருடமாக இருந்தும் ஒரு தடவைகூட வாய் திறக்காத ஒருவர், 'என் அம்மா போனப்ப எனக்கு அழுகை வரல. உங்க மாமியாருக்காக அழும்போது அதுவும் சேர்ந்து வந்துடுச்சு. நன்றி' என்று எழுதியிருந்தார். கசிவு அந்த ஒரு வார்த்தையை அழித்துவிட்டார். இவரிடம் போய், 'மன்னிக்கணும், அவங்க நல்லாத்தான் இருக்காங்க, இப்பதான் ஃபோன்ல திட்டினாங்க' என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். அவர் மௌனமாக இருக்க இருக்க, துக்கத்தில் பேச்சு வராமல் இருக்கிறார் என்று நாங்கள் இன்னும் உருகினோம். வெள்ளிக்கிழமை ஸ்பேனர் அக்காவின் செய்தி தனியாக அவருக்கு வந்தது. 'அண்ணா, ஞாயிறு பதினோரு மணிக்கு நானும் எஞ்சின் ஐயாவும் உங்களை நேர்ல பார்க்க வர்றோம். மறுப்பு சொல்லாதீங்க.' முகவரி எஞ்சினிடம் இருந்தது. அவர் வாயில் இருக்கும் மேல் வரிசைப் பற்களே கசிவு செய்து தபாலில் அனுப்பியவைதான்.

ஞாயிறு காலை பத்து மணி வரை மனிதர் பொறுத்தார். பிறகு, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார்.

"என்ன?"

"ஒண்ணு சொல்லணும்."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவராக வந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று சொன்னதே இல்லை. மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்கம்மா செத்துட்டாங்கன்னு ரெண்டு பேர் துக்கம் கேட்க வர்றாங்க."

சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. கேட்கக் கேட்க மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எங்கம்மாவைக் கொன்னதுகூட இருக்கட்டும். முந்நூறு பேர்கிட்ட என் தலைச்சாயத்தைப் பத்தி எழுதினீங்களா?"

"நிறம் மட்டும்தான் எழுதினேன். எந்தக் கம்பெனின்னு எழுதல."

"அம்மா இன்னைக்கு வர்றாங்க, தெரியும்ல? பழைய செட்டு ஈறை அறுக்குதாம். புதுசை எடுத்துக்க மத்தியானம் வர்றாங்க!"

அதுவரை நின்றுகொண்டிருந்த கசிவு உட்கார்ந்தார். பிறகு எழுந்து, துக்கம் கேட்க வருகிறவர்களை வாசலிலேயே மறித்து உண்மையைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று மூன்று மாடி இறங்கிக் கட்டிடத்தின் முன்வாசலில் போய் நின்றார். ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் மாமியார். மத்தியானம் என்றால் பத்தே முக்காலுக்கு வருவது அவர் வழக்கம்.

"என்ன மாப்பிள்ளை, வாசலுக்கே வந்து நிக்கிறீங்க? அவ்வளவு பாசமா?"

"நீங்க மேல போங்க அத்தை. நான் வந்துடறேன்."

அவரை மாடிப்படியில் ஏற்றிவிட்டு மறுபடியும் முன்வாசலில் காவல் நின்றார். ஆனால் ஸ்பேனர் அக்கா தன் வேனைப் பின்பக்கம் நிறுத்தினார். குழாய் வேலைக்காரர் யாரும் எந்தக் கட்டிடத்திலும் முன்வாசல் வழியாக நுழைவதில்லை. பதினொன்று அடிக்கும்போது, எஞ்சின் கையில் வெள்ளைப் பூங்கொத்தோடு இருவரும் மூன்றாவது மாடியில் மணியை அழுத்தினார்கள். மனைவி குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் மாமியார்.

இந்தப் பகுதியை மாமியாரே எனக்குச் சொன்னார். எஞ்சினும் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகின்றன.

"யாரைப் பார்க்கணும்?"

"கசிவு தம்பி வீடு இதுதானுங்களாம்மா?"

"இங்க ஒண்ணும் கசியலையே. குழாய் வேலையெல்லாம் என் வீட்டுலதான் நடந்துச்சு, அதுவும் முடிஞ்சுடுச்சு."

"இல்லம்மா, அவர் மாமியார் தவறிட்டாங்கன்னு..."

"ஐயோ பாவம். எந்த வீட்டுல?"

"பல் செட் செய்யறவர் வீட்டுல."

மாமியார் ஒரு நிமிடம் பூங்கொத்தைப் பார்த்தார். "பல் செட் செய்யறவருக்கு ஒரே மாமியார்தான். அது நான்தான்" என்றார். 'செட்' என்னும் சொல்லில் ஒரு சின்ன விசில் வந்தது. வந்ததும் டம்ளரிலிருந்து எடுத்துப் புது செட்டை மாட்டியிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எஞ்சினுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் கையிலிருந்த பூங்கொத்து நழுவியது. மாமியார் பிடித்துக்கொண்டார்.

"எப்ப செத்தேன்?"

"போன... போன சனிக்கிழமைங்க."

"எத்தனை மணிக்கு?"

"காலைலன்னு எழுதியிருந்தார்."

"மொட்டையாக் காலைலன்னா எழுதினாரு? நேரத்தைப் போட வேணாமா? உள்ள வாங்க, நின்னுக்கிட்டே துக்கம் கேட்பாங்களா."

கசிவு மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தபோது, ஸ்பேனர் அக்காவும் எஞ்சினும் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி டீ கொடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் பூக்களைத் தண்ணீர்ச் சொம்பில் செருகி நடுவில் வைத்திருந்தார். பதினொரு வருடம் பழகிய மூன்று பேர் முதல் தடவையாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். கசிவு திருதிருவென விழித்தார்.

"மாப்பிள்ளை, உக்காருங்க. இப்ப வாசிக்கப் போறாங்க."

"என்ன வாசிக்கப் போறாங்க?"

"எனக்கு வந்ததைத்தான். இருநூறுக்கு மேல வந்திருக்காமே. செத்தவளுக்குக் காட்டாம யாருக்குக் காட்டறது?"

எஞ்சின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்பேனர் அக்காவின் ஃபோனிலிருந்து உரக்க வாசித்தார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்ல வரிகளை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். என் பன்னிரண்டு வரியை ஒரு தடவைக்கு மேல் வாசிக்கச் சொல்லவில்லை. வெறும் இதயம் மட்டும் போட்டவர்களின் பெயர்களைத் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஸ்பேனர் அக்காவுக்கு ஒரு நல்ல எண்ணம். கசிவு மாட்டிக்கொண்டு முழிக்கிறாரே, அவர் தன் மாமியார் மேல் எவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார் என்பதையும் காட்டுவோம் என்று, இரண்டு மாதத்துக்கு முந்திய ஒரு பதிவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். எஞ்சின் அதே குரலில் வாசித்தார்.

'மூணு வாரமா வலது கை நடுங்குது. இன்னைக்கு ஒரே பல்லை மூணு தடவை மெழுகுல நட்டேன். இந்தக் கை போனா எனக்கு வேற என்ன தெரியும்? வீட்டுல சொல்லல, பயந்துடுவா. மாமியாருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்போல. இப்பல்லாம் எனக்கு டீயைப் பாதி டம்ளர்தான் ஊத்திக் கொடுக்கறாங்க. ரெண்டு தடவையாக் கொடுக்கறாங்க. ஏன்னு நான் கேட்கல, அவங்களும் சொல்லல.'

வாசித்து முடித்த பிறகுதான் எஞ்சினுக்கு உறைத்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. மேல்வீட்டுக்காரர்கூட அன்று துளை போடவில்லை. அவருடைய இயந்திரத்தை மாமியார் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டிருந்தார்.

மனைவி டீத் தட்டோடு அப்படியே நின்றார். "கை நடுங்குச்சா?"

"கழுத்துல நரம்பு அழுத்தம்தான். எக்ஸ்ரே எடுத்தாச்சு. இப்ப சரியாயிடுச்சு."

"யார் கூட்டிட்டுப் போனா?"

"நானேதான் போனேன். ஆஸ்பத்திரில உக்காந்திருந்தப்ப இவங்க எல்லாரும் கூட இருந்தாங்க. ஃபோன்ல."

மனைவி சமையலறைக்குள் போய்விட்டார். எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள். அவருக்கு முதல் தடவையாகப் பேச்சு அடைத்தது. "அது... டீத்தூளை மிச்சம் பிடிக்கத்தான் பாதி ஊத்தினேன்" என்றார். யாரும் நம்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. கணவரைப் பார்க்காமல் ஸ்பேனர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"இவர் என்னைப் பத்தி வேற என்னல்லாம் எழுதியிருக்காரு?"

"நிறைய எழுதியிருக்காருங்க. நீங்க முழங்காலோட மூணு மாடி ஏறி இறங்குறதைப் பத்தி மாசத்துக்கு ரெண்டு தடவையாவது எழுதுவாரு. எனக்கு உங்க முழங்கால் ரொம்பப் பழக்கம்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாது என்று பார்த்தும் வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். நறுக்கிய காய் ஐந்து பேருக்குப் போதாததால் எஞ்சினும் உட்கார்ந்து நறுக்கினார்.

அதற்காக எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். விருந்தாளிகள் போன பிறகு மனைவி மூன்று நாள் பேசவில்லை. அந்த வீட்டில் அவர் பேசாவிட்டால் யாருமே பேசவில்லை என்று அர்த்தம். நாலாவது நாள் சட்டம் போட்டார்: எந்தச் செய்தியானாலும் முதலில் அவருக்கு, பிறகுதான் குழுவுக்கு. கசிவு ஒப்புக்கொண்டார். முதல் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் பரீட்சை எழுதுகிறவர்போல உட்கார்ந்து, "இன்னைக்கு லேப்ல நாலு செட்டு முடிஞ்சது" என்பாராம். "அப்புறம்?" என்பாராம் மனைவி. "அப்புறம்..." என்று யோசிப்பாராம். மெதுமெதுவாக வார்த்தை வந்தது. எழுத வருகிற அளவுக்குப் பேச வராது, ஆனாலும் வந்தது.

குழுவில் அந்த ஞாயிறு மாலையே அவர் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள், ஒருவர் மறுநாளே குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போய்த் திரும்பி வந்தார். எட்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தவர், 'ரொம்ப சந்தோஷம். நான் அழுதது அழுததுதான், அதைத் திருப்பி வாங்க முடியாது' என்று எழுதினார். ஸ்பேனர் அக்கா ஒரு விதி கொண்டுவந்தார்: இனி யாராவது போயிட்டாங்க என்று எழுதினால் எங்கே என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்த வாரம் மாமியார் குழுவில் சேர்ந்தார். வெறும் இதயம் போட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஃபோன் செய்தார். பன்னிரண்டு வரி எழுதிய நானும் தப்பவில்லை. "வானத்துல விசிலா கேட்கும்னு எழுதினது நீங்கதானே?" என்று ஆரம்பித்தவர், வைக்கும்போது என் தங்கையின் பிரசவ நாள் வரை தெரிந்துவைத்திருந்தார்.

மனைவி எங்களோடு சேரப் பிடிவாதமாக மறுத்துக்கொண்டிருந்தார். முந்நூறு பேர் தன் முழங்காலைத் தெரிந்துவைத்திருக்கும் இடத்துக்கு எப்படி வருவது என்றார். இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கசிவு லேப்பில் இருந்தபோது, எஞ்சின் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வெடித்து வீடெல்லாம் வெள்ளம். ஸ்பேனர் அக்காவின் வேன் பட்டறையில், உதவியாள் லீவு. அக்கா யோசிக்காமல் கசிவு வீட்டு எண்ணை அழைத்து, "அக்கா, நீங்க கார் ஓட்டுவீங்கல்ல? என் சாமானையெல்லாம் ஏத்திக்கிட்டு வர முடியுமா?" என்று கேட்டார். மனைவி போனார். சாமானைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

சாயங்காலம் கசிவு வீட்டுக்கு வந்தபோது, மனைவி முழங்கால் வரை சேறும் தலைமுடியில் சிலந்திவலையுமாகச் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பேச ஆரம்பித்தார். தொட்டி எந்தப் பக்கம் விரிசல் விட்டது, எஞ்சின் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு எப்படி உத்தரவு போட்டார், தான் டார்ச் பிடிக்க அக்கா எந்தக் குழாயை எப்படி அடைத்தார், கடைசி மரையைத் திருகியது தானேதான் என்று முக்கால் மணி நேரம் ஒரே மூச்சில் சொன்னார். கசிவு டீ போட்டுக் கொடுத்தார், கேட்டார், நடுநடுவில் "அப்புறம்?" என்றார்.

எல்லாம் முடிந்ததும், இது முந்நூறு பேருக்கும் தெரிய வேண்டிய சங்கதி என்று தோன்ற, சட்டைப்பைக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்தார்.

"உள்ள வைங்க அதை" என்றார் மனைவி. "நான் அங்கேருந்தே எழுதிட்டேன். நூத்தி நாப்பது பேர் பதில் போட்டிருக்காங்க."